உடம்பு தேறும் நாட்களில் பிளம் கேக்: முதன்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை வரும். ஜூனில் தென்மேற்கு, ஐப்பசியில் வடகிழக்கு. இரண்டாவது மழை ஓயும் நேரத்தில் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, எல்லை தாண்டினால் பாறசாலை என்று வீட்டுக்கு ஒருவராவது காய்ச்சலில் படுத்து எழுந்திருப்பார்கள். படுத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, எழுந்த பிறகுதான் கஷ்டம். வேலைக்குப் போகத் தெம்பு இருக்காது, படுத்தே கிடக்கவும் மனசு வராது. ஃபோனை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? அதற்குள் பக்கத்து வீடுகளில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிடும், இளவட்டங்கள் குடில் கட்ட மூங்கில் தேடி அலைவார்கள்.

இந்த நாட்களுக்கு என்று அளவெடுத்துச் செய்தது போன்ற வேலை பிளம் கேக். க்ரீம் கேக், பஞ்சு கேக் எல்லாம் தொடங்கினால் முடித்துவிட்டுத்தான் உட்கார முடியும். பிளம் கேக் அப்படியில்லை. பழம் நறுக்குவது ஒரு நாள், ஊறவைப்பது சில நாள், சீனி கருக்குவது இன்னொரு நாள், மாவு கலக்குவது வேறொரு நாள். ஒவ்வொன்றும் அரை மணி, முக்கால் மணி வேலை. பாதியும் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். நடுவில் இரண்டு நாள் உடம்பு சரியில்லை என்று படுத்துவிட்டாலும் பழம் இன்னும் நன்றாக ஊறும், அவ்வளவுதான். ஆகவே ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். கீழே சொல்வது எல்லாமே அந்தக் கணக்கில்தான்.

அடுப்படிக்குப் போகலாமா?

காய்ச்சல் விட்ட அன்றைக்கே எழுந்து ஓட வேண்டாம். டெங்கு என்றால் இது ரொம்ப முக்கியம். காய்ச்சல் இறங்கிய பிறகு வரும் ஒன்று, இரண்டு நாட்கள்தான் அதில் ஆபத்தான நேரம். உடம்பு லேசானது போலத் தோன்றும், ஆனால் அப்போதுதான் கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் எல்லாம் தலைகாட்டும். அந்த நாட்களில் வேலை படுக்கையும் கஞ்சியும் மட்டும். இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் கேக்கை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வயிற்றுப்போக்கு, வாந்தி இருந்தவர்கள் அது முழுதாக நின்று இரண்டு நாள் கழிந்த பிறகே மற்றவர்களுக்காகச் சமைக்க வேண்டும். மஞ்சள்காமாலை, டைபாய்டு என்றால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை அடுத்தவர் சாப்பிடும் பண்டத்தில் கை வைக்கவே வேண்டாம். சளி, இருமல் மட்டும்தான் என்றால் மாஸ்க் போட்டுக்கொண்டு பழம் நறுக்கலாம். அந்தப் பழம் பிறகு ஒரு மணி நேரம் சூட்டில் வேகத்தான் போகிறது. வெந்த கேக்கை வெட்டுவதும் பொதிவதும்தான் கவனிக்க வேண்டிய இடம், அதை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

தூக்கம் வரவைக்கும் இருமல் மருந்தோ, சளி மாத்திரையோ சாப்பிடுகிற நாளில் அடுப்பு வேலை கிடையாது. அன்றைக்கு உட்கார்ந்து செய்வதை மட்டும் செய்யுங்கள். மூக்கு அடைத்து வாசனையே தெரியாமல் இருக்கிறவர்கள் கேக் கருகுவதை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது, ஃபோனில் அலாரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

சாமான்

வீட்டில் தராசு இல்லையே என்று யோசிக்க வேண்டாம். மளிகைக் கடைக்கு ஃபோன் போட்டு, வேண்டிய எடையிலேயே தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். மைதா 150 கிராம் என்றால் 150 கிராம் பொட்டலம். வீட்டில் அளக்கும் வேலையே மிச்சம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் யாராவது சைக்கிளில் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

ஏழு அங்குல வட்ட டின் ஒன்றுக்கு: உலர்ந்த பழங்கள் எல்லாம் சேர்த்து 250 கிராம், அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு) 50 கிராம், மைதா 150 கிராம், சீனி 175 கிராம், வெண்ணெய் 100 கிராம், வாசனை இல்லாத எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, முட்டை மூன்று, ஆரஞ்சு இரண்டு, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு சிட்டிகை. வெண்ணெய் 100 கிராம் என்று வைத்ததற்குக் காரணம் கடையில் அந்த அளவில்தான் சின்ன பாக்கெட் கிடைக்கும், வெட்டி அளக்க வேண்டாம். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு தேவையில்லை. இல்லையென்றால் கால் தேக்கரண்டி உப்பு. எண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் ஊற்றினாலும் குடி முழுகிவிடாது, எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது.

உலர்பழத்தில் கறுப்பு திராட்சை பாதி, பேரீச்சம்பழம் கால் பங்கு, மீதி டூட்டி ஃப்ரூட்டியும் செர்ரியும். டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காயைச் சீனிப்பாகில் போட்டுச் சாயமேற்றியதுதான், நிறத்துக்குப் போடுவது. ருசி தருவது திராட்சையும் பேரீச்சையும், கஞ்சத்தனம் அதில் வேண்டாம். திருவனந்தபுரம் பக்கம் யாராவது போகிறவர்கள் இருந்தால் சாலைக் கடைத்தெருவில் வாங்கி வரச் சொல்லலாம், உலர்பழமும் மசாலாவும் அங்கே தரம் பார்த்து எடுக்க முடியும். இல்லாவிட்டால் மார்த்தாண்டம் சந்தையே போதும்.

வாசனைக்குக் கிராம்பு நான்கு, ஏலக்காய் நான்கு, ஒரு அங்குலக் கறுவாப்பட்டை, சாதிக்காய் கொஞ்சம் உரசியது, சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி. மாறாமலை, கரும்பாறை எஸ்டேட்டுகளில் விளையும் நம்மூர்க் கிராம்புக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. எண்ணெய்ப்பசை கூடுதல், காரமும் கூடுதல். அது கிடைத்தால் மூன்றே போதும். நான்குக்கு மேல் போனால் கேக்கில் பல்வலி மருந்து வாசனைதான் வரும்.

மழைக்காலத்தில் பழைய பேக்கிங் பவுடர் டப்பாவை நம்ப வேண்டாம். ஈரக்காற்று பட்டுச் செத்துப்போயிருக்கும். அரைத் தேக்கரண்டியைச் சுடுதண்ணீரில் போடுங்கள். புசுபுசுவென்று நுரைத்தால் உயிர் இருக்கிறது. சும்மா கலங்கினால் புது டப்பா வாங்குங்கள்.

பழம் நறுக்குவது, ஊறவைப்பது

இதுதான் முதல் வேலை, படுக்கையிலேயே செய்யக்கூடிய வேலையும் இதுதான். சாய்ந்து உட்கார்ந்து, மடியில் ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். கத்தி வேண்டாம், கத்தரிக்கோல் எடுங்கள். சிக்குன்குனியா வந்து விரல் மூட்டெல்லாம் பிடித்திருப்பவர்களுக்குக் கத்தியை அழுத்தி நறுக்குவது தண்டனை. பேரீச்சம்பழம் கத்தரிக்கோலில் ஒட்டும். அதற்கு ஒரு டம்ளர் சுடுதண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். நாலு பழத்துக்கு ஒரு தடவை அலகை முக்கித் துடைத்தால் வழவழவென்று வெட்டும். கொட்டையை எடுக்கும்போது பழத்தைப் பிளந்து உள்ளே பார்த்துவிடுங்கள், பேரீச்சைக்குள் சில சமயம் பூச்சி இருக்கும். பெரிய திராட்சையை இரண்டாக வெட்டுங்கள், சின்னது அப்படியே கிடக்கட்டும். துண்டு சின்னதாக இருந்தால்தான் கேக்கின் அடியில் போய்ப் படுக்காது. அண்டிப்பருப்பை இப்போது சேர்க்க வேண்டாம், ஊறினால் நமத்துவிடும்.

எதில் ஊறவைப்பது? கேரளப் பக்கம் ரம் என்றுதான் சொல்வார்கள், மாதக்கணக்கில் ஜாடியில் போட்டு வைப்பார்கள். மருந்து சாப்பிடுகிற வீட்டில் அது வேண்டாம் என்பது என் கட்சி. வயிற்றுக் கோளாறுக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் போன்ற மாத்திரை எடுக்கும்போது சாராயம் சேரக்கூடாது என்பார்கள். கல்லீரல் அடிபட்டவர்களுக்குத் துளிகூட ஆகாது. வெந்தால் ஆவியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். ஒரு மணி நேரம் வெந்த பிறகும் ஊற்றியதில் கால் பங்கு வரை கேக்கில் தங்கும். தவிர, பாட்டிலுக்காக எல்லை தாண்டிப் போய் வருவதெல்லாம் வேண்டாத தலைவலி.

ரம் இல்லாவிட்டால் பிளம் கேக்கே இல்லை என்று யாராவது சொன்னால் மாம்பள்ளி பாப்புவைக் காட்டுங்கள். கேரளத்துத் தலச்சேரியில் பேக்கரி வைத்திருந்தவர். 1883இல் மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி இங்கிலாந்து கேக் ஒன்றைக் காட்டி இதே மாதிரி செய் என்றார். பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த மாஹேயிலிருந்து பிராந்தி வாங்கிச் சேர்க்கவும் சொன்னார். பாப்பு அதைச் செய்யவில்லை. கொல்லாம்பழமும் (முந்திரிப்பழம்) வாழைப்பழமும் போட்டு வடித்த உள்ளூர்ச் சரக்கை ஊற்றினார் என்று சொல்வார்கள். துரைக்குக் கேக் பிடித்துப்போனது, இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறோம். ஆக, கையில் இருப்பதை வைத்துச் செய்வதுதான் இந்தக் கேக்கின் பிறவிக் குணம்.

நமக்கு ஆரஞ்சுச் சாறு. முதலில் ஒரு ஆரஞ்சின் தோலை நன்றாகக் கழுவி, மஞ்சள் பாகத்தை மட்டும் துருவி எடுத்து வையுங்கள். வெள்ளை சேர்ந்தால் கசக்கும். இரண்டு பழத்தையும் பிழிந்தால் ஏறக்குறைய முக்கால் டம்ளர் சாறு வரும். நறுக்கிய பழங்களையும் சாறையும் ஒரு பாத்திரத்தில் போட்டுச் சிறு தீயில் ஐந்து, ஆறு நிமிடம் வையுங்கள். திராட்சை உப்பிப் பளபளக்கும்போது இறக்கி, துருவிய தோலைச் சேர்த்து, ஆறியதும் ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். சாறில் ஊறிய பழத்தை வெளியே வைக்கக் கூடாது, நம் ஊர் ஈரப்பதத்தில் மறுநாளே புளிக்கும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வரை தாங்கும். தினம் ஒரு தடவை பாட்டிலைத் தலைகீழாக்கி வைத்தால் எல்லாப் பழமும் ஒரே மாதிரி ஊறும். இன்றைய வேலை அவ்வளவுதான், போய்ப் படுங்கள்.

சீனி கருக்குவது

பிளம் கேக்கின் நிறமும், அந்த லேசான கசப்பும் இதிலிருந்து வருவது. மொத்த வேலையிலும் நின்று செய்ய வேண்டியது இது ஒன்றுதான். பத்து நிமிடம் ஆகும். தலைசுற்றல் இருந்தால் வீட்டில் இன்னொருவரைச் செய்யச் சொல்லி, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து நிறத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். உருகிய சீனி கொதிக்கிற தண்ணீரைவிட எவ்வளவோ சூடு, தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்கும். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

அடி கனமான, உயரமான பாத்திரம் எடுங்கள். 75 கிராம் சீனி, இரண்டு தேக்கரண்டி தண்ணீர். கரண்டி போட்டுக் கிண்டினால் சீனி மறுபடி மணலாகிவிடும், பாத்திரத்தை மட்டும் ஆட்டிவிடுங்கள். முதலில் தெளிந்த பாகாகும், பிறகு ஓரத்தில் பொன்னிறம் ஏறும், அப்புறம் தேன் நிறம். முதல் தடவை செய்பவர்கள் இங்கேயே பயந்து இறக்கிவிடுவார்கள். இறக்காதீர்கள். கட்டன்சாயா (பால் விடாத டீ) நிறத்துக்கு வந்து, மேலே மெல்லிய புகை ஒரு இழை எழும்பும், அதுதான் இடம். அடுப்பை அணைத்து, பாத்திரத்தைக் கையெட்டும் தூரத்தில் வைத்து, கொதிக்கும் தண்ணீர் 75 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் எரிமலை. சுடுதண்ணீர் ஊற்றினாலும் சீறும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கட்டி கட்டினால் சிறு தீயில் ஒரு நிமிடம் வைத்தால் கரைந்துவிடும். ஆறியதும் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். புகை கறுத்து மூக்கைக் கரிக்கிறது என்றால் எல்லை தாண்டிவிட்டது. 75 கிராம் சீனிதானே, கொட்டிவிட்டு இன்னொரு நாள் செய்யலாம்.

இந்த வேலையே வேண்டாம் என்றால் கருப்பட்டி இருக்கிறது. 75 கிராமைத் தட்டி, அதே அளவு தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி எடுங்கள். கருப்பட்டியில் மண் இல்லாமல் இருக்காது, வடிகட்டாவிட்டால் கேக் நறநறக்கும். நிறம் கொஞ்சம் குறையும், கடைக் கேக் மாதிரி கறுக்காது. ஆனால் சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்த வாசனை, காய்ச்சலில் நாக்குச் செத்துக் கிடந்தவர்களுக்கு முதலில் தெரிகிற ருசியாக இருக்கும். எனக்குக் கேட்டால் இதுதான் கூடுதல் பிடித்தம்.

மாவு கலக்கும் நாள்

உடம்பு கொஞ்சம் சொன்னபடி கேட்கிற நாளாகப் பார்த்து வையுங்கள். காலையில் எழுந்ததும் வெண்ணெய், முட்டை, பழப் பாட்டில், சீனிப்பாகு எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே சூட்டுக்கு வர இரண்டு மணி நேரமாவது ஆகும், இது சோம்பேறித்தனம் இல்லை, செய்முறையிலேயே உள்ளது.

மீதி 100 கிராம் சீனியை மிக்ஸியில் பொடிக்கும்போதே கிராம்பு, ஏலம், கறுவாப்பட்டையையும் போட்டுவிடுங்கள். நாலு கிராம்பைத் தனியாக அரைத்தால் மிக்ஸி பிளேடுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும், சீனியோடு சேர்ந்தால் மாவாகும். மைதா, பேக்கிங் பவுடர், சோடா, சுக்கு, சாதிக்காய் எல்லாவற்றையும் ஒன்றாகச் சலித்து வையுங்கள். டின்னுக்கு வெண்ணெய் தடவி, அடியிலும் சுற்றிலும் பேக்கிங் பேப்பர் இரண்டு சுற்று போடுங்கள். நீண்ட நேரம் வேகிற கேக், ஒற்றைப் பேப்பரில் ஓரம் கரியும். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை கேக்கில் ஏறும்.

இனி சாப்பாட்டு மேசையில் உட்காருங்கள். பாத்திரத்துக்கு அடியில் ஈரத்துணியை மடித்து வைத்தால் அது நகராது, இன்னொரு கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். கை பீட்டர் இருந்தால் வெண்ணெயும் சீனிப்பொடியும் ஐந்து நிமிடம். மரக்கரண்டி என்றால் பத்து, பன்னிரண்டு நிமிடம், கை மாற்ற வீட்டில் ஆள் இருந்தால் நல்லது. மஞ்சள் வெளுத்து, கரண்டியில் எடுத்தால் லேசாக நிற்க வேண்டும். முட்டையைத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். மூன்றாவது முட்டையில் கலவை தயிர் திரிந்தது போல ஆகலாம். பதற வேண்டாம், சலித்த மாவில் ஒரு கரண்டி போட்டு அடித்தால் கூடிவிடும். அடுத்து எண்ணெய், அதன் பின் ஆறிய சீனிப்பாகு. நிறம் இங்கேதான் மாறும்.

பழத்தை வடிகட்டியில் கொட்டி, சாறு நிறைய நின்றால் அதைத் தனியே எடுத்துவிடுங்கள், குடிக்க அருமையாக இருக்கும். பழத்தோடு உடைத்த அண்டிப்பருப்பையும் சேர்த்து, சலித்த மாவிலிருந்து ஒரு மேசைக்கரண்டி தூவிப் புரட்டுங்கள். மீதி மாவை மூன்று பங்காகக் கலவையில் சேர்த்து, பீட்டரை வைத்துவிட்டு கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டுங்கள். வெள்ளை மறைந்ததும் நிறுத்துங்கள், பழத்தைக் கலந்து முடியுங்கள். கரண்டியைச் சாய்த்தால் மாவு ‘தொப்’பென்று விழ வேண்டும், ஓடக் கூடாது. ஓடினால் இரண்டு கரண்டி மைதா.

கிண்ணத்தை வழித்து நக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. இந்தத் தடவை வேண்டாம். பச்சை முட்டையும் வேகாத மைதாவும் நோய்விட்டு எழுந்த வயிற்றுக்கு ஆகாது.

நோன்பு பிடிக்கிற வீடுகளில் முட்டை ஆகாது. மூன்று முட்டைக்குப் பதில் புளிக்காத கெட்டித் தயிர் 180 கிராம் எடுங்கள். தயிரும் கூடாது, வெண்ணெயும் கூடாது என்கிறவர்கள் வெண்ணெய்க்கு எண்ணெயையும், தயிருக்கு நன்றாகப் பழுத்த மட்டி வாழைப்பழம் மசித்ததையும் போடலாம். கேக் கனமாக வரும், மட்டியின் மணம் வேறெந்தப் பழத்துக்கும் வராது.

வேகவைப்பது

ஓவன் உள்ளவர்கள் 160 டிகிரியில் பதினைந்து நிமிடம் சூடாக்கி, டின்னைக் கீழ்த்தட்டில் வைத்து, ஒரு மணி நேரத்துக்கு அலாரம் போடுங்கள். நாற்பது நிமிடம் வரை கதவைத் திறக்க வேண்டாம். அதன் பிறகு மேல்பக்கம் சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள். ஓவன் 1200 வாட்டுக்கு மேல் இழுக்கும், பெரிய பிளக் உள்ள பவர் பாயின்டில்தான் செருக வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. மழைக்காலத்தில் பாதியில் கரண்ட் போவது சகஜம். போனால் கதவைத் திறக்காமல் விட்டுவிடுங்கள், உள்ளிருக்கும் சூட்டிலேயே கொஞ்ச நேரம் வேகும். கால் மணி நேரத்தில் வந்துவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வரவில்லை என்றால் அடுப்புதான்.

அடுப்பில் செய்ய, பழைய பெரிய குக்கரோ கனமான அலுமினியச் சருவமோ வேண்டும். கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிடுங்கள். அடியில் கல்லுப்பு ஒரு விரல் உயரத்துக்குப் பரப்பி, மேலே ஒரு வளையமோ சின்னத் தட்டோ வைத்து, மூடி பத்து நிமிடம் நடுத்தீயில் சூடாக்குங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. டின்னுக்கும் குக்கர் சுவருக்கும் நடுவே சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். டின்னை இறக்கி, மூடி, தீயை முழுக்கக் குறைத்து ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரம். புதுக் குக்கரிலோ நான்ஸ்டிக்கிலோ இதைச் செய்தால் பாத்திரம் போய்விடும். உப்பைக் கொட்ட வேண்டாம், ஆறியதும் டப்பாவில் எடுத்து ‘கேக் உப்பு’ என்று எழுதி வைத்தால் அடுத்த வருஷத்துக்கும் ஆகும். மேல்பக்கம் ஓவன் கேக் போல உலர்ந்து சிவக்காது, மென்மையாக இருக்கும். அது குறை இல்லை.

மூன்றாவது வழியும் உண்டு. பக்கத்துப் பேக்கரியில் பழக்கம் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ரொட்டி எடுத்த பிறகு போர்மாவில் (பேக்கரி அடுப்பில்) மிச்சச் சூடு இருக்கும், உங்கள் டின்னையும் ஒரு ஓரத்தில் வைத்துத் தருவார்கள். டிசம்பர் இருபதுக்குப் பிறகு கேட்டால் மட்டும் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கே இடம் இருக்காது.

வெந்ததா என்று பார்க்கக் கழுவித் துடைத்த ஈர்க்கு ஒன்று போதும். நடுவில் குத்தி எடுத்தால் ஈர மாவு ஒட்டக் கூடாது, ஒன்றிரண்டு துணுக்கு ஒட்டினால் சரி. பழத்தில் குத்திவிட்டால் எப்போதும் பிசுபிசுப்பாகத்தான் வரும், தள்ளி இன்னொரு இடத்தில் குத்துங்கள்.

ஆறவைப்பது, வைத்திருப்பது

டின்னிலேயே கால் மணி நேரம், பிறகு வெளியே எடுத்து வலைத்தட்டில் முழுதாக ஆறட்டும். மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். கை வைத்தால் சூடே தெரியாத நிலையில்தான் பொதிய வேண்டும். வெதுவெதுப்போடு டப்பாவில் மூடினால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணீர் சொட்டிப் பூஞ்சை பிடிக்கும். ஆறிய கேக்கைப் பேக்கிங் பேப்பரில் சுற்றி, அதன் மேல் அலுமினியத் தாள் சுற்றி, டப்பாவில் வையுங்கள்.

அன்றைக்கே வெட்டாதீர்கள். சூட்டில் பழம் கக்கிய சாறு கேக்கில் பரவ இரண்டு நாள் வேண்டும், அதற்கு முன் வெட்டினால் உதிரும். வீட்டில் பிள்ளைகள் விடமாட்டார்கள் என்று தெரிந்தால் கலக்கிய பாத்திரத்தில் மிச்சமாகும் மாவை இரண்டு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, நாற்பது நிமிடம் கழித்து ஓவனில் கூடவே வேகவையுங்கள். இருபத்தைந்து நிமிடத்தில் வெந்துவிடும், அதைக் கொடுத்துச் சமாளிக்கலாம்.

சாராயம் சேராத கேக் என்பதால் வெளியே நாலைந்து நாள்தான். ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம், ஃப்ரீசரில் துண்டு போட்டு வைத்தால் இரண்டு மாதம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் கட்டியாக இருக்கும், அரை மணி வெளியே இருந்தால் பழையபடி ஆகும். கேக்கின் மேல் பழச்சாறு தெளிப்பதைச் சிலர் சொல்வார்கள். ரம் தெளித்தால் கெடாது, சாறு தெளித்தால் கெடும், செய்யாதீர்கள்.

கரோல் பாட்டுக்காரர்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல் மத்தளத்தோடு வந்து நிற்பார்கள். இருபது பேராவது இருக்கும். அவர்களுக்கென்று பகலிலேயே ரொட்டிக் கத்தியால், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்து, விரல் கனத்தில் துண்டு போட்டு மூடி வைத்துவிடுங்கள். ஏழு அங்குலக் கேக்கில் அப்படிப் போட்டால் இருபத்தைந்து துண்டு தாராளமாக வரும். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு அதில் பாதி போதும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு உலர்பழத்தில் பொட்டாசியம் அதிகம் என்பதால் டாக்டரைக் கேட்காமல் நீட்ட வேண்டாம். தட்டு எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போவது வீட்டில் வேறு யாராவதாக இருக்கட்டும். பனியில் நிற்கிற அளவுக்கு நீங்கள் இன்னும் தேறவில்லை, திண்ணையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பாட்டைக் கேளுங்கள்.